செண்பகம் கேமராவைப் பார்த்தாள்

காக்களூர் தொழிற்பேட்டையில் மாத்திரைக்கு அட்டை அடிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற செண்பகத்துக்குத் தன் முகத்தைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. கண்ணாடி இருப்பது பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க. அதற்குமேல் அங்கே நின்று பார்க்க நேரமும் இல்லை, பார்த்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை என்பது அவள் கட்சி. அந்த முகத்தை அக்கறையாகப் பார்ப்பது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கம்பெனி வாசலில் சுவரில் பதித்திருக்கும் வருகைப்பதிவு மெஷின்.

முன்பெல்லாம் விரலை வைத்தால் போதும். கொரோனா வந்து போனதிலிருந்து முகத்தைக் காட்ட வேண்டும். குல்லாவும் மாஸ்க்குமாக வருகிற பெண்கள் மெஷினுக்கு எதிரில் நின்று, மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு, முகத்தைத் தூக்கி, கண்ணை நன்றாகத் திறந்து அசையாமல் நிற்பார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் "தேங்க்யூ" என்று சொல்லும். சொன்னால் உள்ளே போகலாம். சொல்லாவிட்டால் சொல்லும்வரை நிற்க வேண்டியதுதான். பின்னால் இருக்கும் வரிசை முணுமுணுக்கும், செக்யூரிட்டி கத்துவார், அது அதன் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் செண்பகத்துக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கியிருந்தது. மெஷின் கடைசிவரை அவளைத் தெரியாது என்று சாதித்துவிட்டது. அரைநாள் சம்பளம் போயிற்று. அன்றிலிருந்து அந்த மெஷினுக்கு முன்னால் அவள் காட்டும் மரியாதையைச் சாமி சன்னதியில்கூடக் காட்டியதில்லை.

அவள் பிறந்தது சோழவரம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்புமாக இருந்தவர்கள். செண்பகம் பிளஸ் டூ பாஸ் செய்தாள். டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்று ஆசை. "ஒரு ஆறு மாசம் கம்பெனிக்குப் போய்ட்டு வாம்மா, அப்பறம் சேத்து உடறேன்" என்றார் அப்பா. அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை, பாவம். அவரும் அப்படித்தான் நம்பினார். நடுவில் கல்யாணம் வந்தது, குழந்தை வந்தது, கம்பெனி இரண்டு முறை பெயர் மாறியது. அந்த ஆறு மாதம் மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

கணவன் வரதனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. குடி கிடையாது. கோபம் உண்டு. ஒரே மகள் ரம்யாமேல் உயிரையே வைத்திருந்தான். அதனாலேயே அவளைப் பற்றி ஓயாத பயமும் வைத்திருந்தான். திருவள்ளூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விஸ்காம் சேருகிறேன் என்று ரம்யா வந்து நின்றபோது அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"படம் புடிக்கறதுக்கு ஒரு படிப்பா? கல்யாண ஊட்ல லைட்டு புடிக்கிறவன்லாம் இன்னா டிகிரி வாங்கிக்கினா வந்தான்?" என்றான்.

"நைனா, இது வேற நைனா" என்றாள் ரம்யா. எப்படி வேறு என்று அவளால் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அழுது சாதித்துச் சேர்ந்துவிட்டாள்.

சேர்ந்தவள் போன செமஸ்டரில் ஒரு பேப்பரைக் கோட்டை விட்டாள். வரதன் அன்றைக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் செண்பகம் பயந்திருக்க மாட்டாள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே நிதானமாகச் சொன்னான்.

"இந்தத் தபா பாப்போம். திரும்பவும் ஃபெயிலாச்சின்னா, எங்க கம்பெனில பேக்கிங் செக்‌ஷனுக்குப் பொண்ணுங்கள எடுத்துக்கினு இருக்காங்க. சூப்பர்வைசராண்ட பேசி வெச்சிருக்கேன். பஸ்ஸு ஊட்டாண்ட வருது, பி.எஃப். புடிக்கிறாங்க. ஒரு ஆறு மாசம் போய்ட்டு வரட்டும்."

ஆறு மாசம் என்றதும் செண்பகத்துக்குத் தன் அப்பாவின் குரல்தான் கேட்டது. அந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமலே பாத்திரத்தை அலசப் போய்விட்டாள்.

இந்த செமஸ்டரின் பெரிய பேப்பர் எழுதுகிற பரீட்சை அல்ல. ஒரு படத்தின் ஆரம்பக் காட்சியை மட்டும் எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டு நிமிஷம். அதற்குள் பெயர் போட வேண்டும், இது என்ன மாதிரிப் படம் என்று புரிய வேண்டும், மிச்சத்தையும் பார்க்கலாமே என்று தோன்ற வேண்டும். வகுப்பு ஆசிரியை சுகிர்தா, "முழுப்படம் எடுக்கச் சொன்னா எல்லா ஹீரோவும் கடைசில திருந்திடறான். அதனால ஆரம்பம் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டாராம்.

ரம்யா எடுத்தது த்ரில்லர். பெயர் "மூன்றாவது கேட்". விடியற்காலையில் ஷிப்ட் முடிந்து, பேட்டையின் மூன்றாவது கேட்டைத் தாண்டி ஒரு பெண் தனியாகத் தெருவில் நடந்து வருகிறாள். பின்னால் ஒருவன் வருகிறான். அவ்வளவுதான் கதை. நடிப்பதாக இருந்த தோழி பிரின்சிக்குத்தான் கேமரா ஆடாமல் பிடிக்க வந்தது. அதனால் கதாநாயகி வேடம் செண்பகத்தின் தலையில் விழுந்தது.

"நீ நடிக்கவே வேணாம்மா" என்று ரம்யா பாடம் நடத்தினாள். "டெய்லி வர்ற மாதிரி வா. பின்னாடி ஆள் வர்றது உனுக்குத் தெரியும், ஆனா திரும்பிப் பாக்காத. பிரின்சி கேமராவ எடுத்துக்கினு எதுர்ல வருவா. அவளக் கண்டுக்காம நடந்துக்கினே இரு. கேமராவ மட்டும் பாத்துடாத, பாத்தா மொத்தமும் போச்சி."

"நான் இன்னா கொழந்தையா? பாக்க மாட்டேன் போ" என்றாள் செண்பகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். பேட்டையில் ஈ காக்கை இல்லை. குல்லாவும் மாஸ்க்குமாக, சாப்பாட்டுப் பையோடு செண்பகம் நடந்தாள். வகுப்புப் பையன் பரத் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். எதிரே பிரின்சி கேமராவை ஏந்தியபடி கிட்டே வந்தாள். இன்னும் கிட்டே வந்தாள். கேமரா செண்பகத்தின் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

செண்பகமும் நின்றாள். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்தாள். முகத்தைத் தூக்கினாள். கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு அசையாமல் நின்றாள். பின்னால் வந்த பரத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவனும் நின்றுவிட்டான். தேங்க்யூ சொல்ல அங்கே யாரும் இல்லை. எனவே செண்பகம் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் பிரின்சிதான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அப்போதுதான் செண்பகத்துக்குச் சுரணை வந்தது.

"ஐயையோ! கம்பெனி மெஷினுன்னு நென்ச்சிட்டேன்டி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிரின்சியும் பரத்தும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரம்யா சிரிக்கவில்லை. கேமராவின் சின்னத் திரையில் அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

"பரவால்லம்மா. இன்னொரு தபா எடுத்துக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு எடுத்ததிலெல்லாம் செண்பகம் ஜமாய்த்துவிட்டாள். பயந்தாள், வேகமாக நடந்தாள், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கேமரா இருந்த பக்கம் கண்ணையே திருப்பவில்லை. "ஷோக்கா இருந்துச்சா?" என்று கேட்டதற்கு மூன்று பேரும் சூப்பர் என்றார்கள். முதலில் சொதப்பினாலும் பிற்பாடு சரிக்கட்டிவிட்டோம் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போய் இட்லிக்கு ஊற்றினாள்.

மதிப்பெண் போடுகிற நாளன்று செண்பகம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். படத்தில் நடித்தவர்கள், வீட்டைக் கொடுத்தவர்கள், வெயிலில் குடை பிடித்தவர்கள், இவர்களில் படத்துக்கு ஒருவராவது வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது சுகிர்தா மிஸ் வைத்திருக்கும் வழக்கம். அதனால் வகுப்பின் பின்வரிசையில் அப்பாக்களும் அம்மாக்களும் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையனின் படத்தில் பிணமாக நடித்த அவனுடைய அப்பா, அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வெளியிலிருந்து பரீட்சகராக வந்திருந்தவர் அன்புராஜ் என்கிற சென்னைக் கல்லூரி ஆசிரியர். சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கியவர், வந்ததிலிருந்து யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை பார்ப்பார். முதல் தடவை சத்தத்தோடு, அடுத்த தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு. அதற்கப்புறம்தான் கேள்வி.

மேலேயிருந்து ட்ரோனில் ஊரையே சுற்றிக் காட்டிய பையனிடம், "இதை யார் பார்க்கறாங்க? கழுகா?" என்று கேட்டார். பிணத்தின் படம் ஓடியது. சத்தம் இல்லாமல் பார்த்தபோது பிணத்தின் வயிறு ஏறி இறங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. "பிணம் மூச்சு விடுதே தம்பி" என்றார் அன்புராஜ். பின்வரிசையிலிருந்து பிணம் எழுந்து, "புடிச்சிக்கினுதான் சார் இருந்தேன், முடியல" என்றது. வகுப்பே சிரித்தது. அன்புராஜ் சிரிக்காமல் எதையோ எழுதினார். அந்தப் பையன் திரும்ப எடுத்துக் காட்ட வேண்டும் என்று சுகிர்தா மெதுவாகச் சொன்னதும் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு வயிறு ஏறி இறங்கியதற்கே இப்படியென்றால், இந்த மனுஷனிடம் யார் தப்பிப்பது என்று செண்பகம் நினைத்தாள்.

ரம்யாவின் முறை வந்தது. விளக்கை அணைத்தார்கள். சிவப்பு எழுத்தில், ரத்தம் சொட்டுவதுபோல், "மூன்றாவது கேட்" என்று வந்தது. தெரு வந்தது. செண்பகம் வந்தாள். பின்னால் கறுப்புச் சட்டை வந்தது. பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று அவள் நினைத்து முடிக்கவில்லை. திரையில் இருந்த செண்பகம் நின்றாள். மாஸ்க்கை இறக்கினாள். கண்ணைத் திறந்துகொண்டு எல்லோரையும் பார்த்தபடி நின்றாள். இசை டமாரென்று அடித்தது. படம் முடிந்தது.

செண்பகத்துக்கு உயிர் போய்விட்டது. தூக்கிப் போட வேண்டியதை அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டார்கள்! இத்தனை நாள் ராத்திரியும் பகலும் உட்கார்ந்து வெட்டி ஒட்டியவள் இதைக் கவனிக்கவில்லையா? முன்வரிசையில் இருந்த ரம்யாவின் முதுகைப் பார்த்தாள். அது அசையவில்லை.

இரண்டாவது தடவை சத்தம் இல்லாமல் ஓடியது. வகுப்பில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. சுவர் அகலத்துக்குத் தன் முகம் வந்து நின்றதைச் செண்பகம் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. மாஸ்க்கின் நாடா கன்னத்தில் பதித்த கோடு. பின்னால் ஒருவன் நிற்கிறான். இவள் ஓடவில்லை, திரும்பவில்லை, யாரோ போகச் சொல்வார்கள் என்று நிற்கிறாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

விளக்கு வந்தது. அன்புராஜ் ரம்யாவைப் பார்த்தார். "அந்தப் பெண் ஏன் கேமராவைப் பார்க்கறா?"

ரம்யா வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் செண்பகம் எழுந்துவிட்டாள்.

"சார், அது என் தப்பு சார். வேணாம்னு உட்டது, மாத்திப் போட்டுட்டாங்க. கம்பெனில மூஞ்சி காட்ற மெஷினு இருக்குது சார், அது தேங்க்யூ சொல்றவரைக்கும் நிக்கணும். அந்தப் பழக்கத்துல கேமராவப் பாத்ததும் நின்னுட்டேன். நல்லா நடந்தது வேற இருக்குது சார். எனக்காக எம்பொண்ணுக்கு மார்க்கு கொறைச்சிடாதீங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இருந்த வேறு ஒரு அம்மா, தானும் ஏதோ கம்பெனிக்குப் போகிறவள் போலிருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டாள். "உக்காருங்கம்மா" என்றார் சுகிர்தா. உட்கார்ந்த பிறகுதான் செய்த காரியம் செண்பகத்துக்கு உறைத்தது. ரம்யா எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். இப்போது தானே போய் இது தப்பு என்று சாட்சி சொல்லியாகிவிட்டது. பேக்கிங் செக்‌ஷனுக்குத் தன் கையாலேயே பெண்ணை ஏற்றி அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"அம்மா சொல்றது நிஜமா? தப்பான டேக்கா?" என்று கேட்டார் அன்புராஜ்.

"எடுக்கும்போது தப்புதான் சார்" என்றாள் ரம்யா. "மத்த டேக்லல்லாம் அம்மா கரெக்டா நடந்தாங்க. ஆனா இத நான் மாத்திப் போடல. தெரிஞ்சிதான் வெச்சேன்."

"ஏன்?"

"த்ரில்லர்னா பாக்கறவங்களுக்கு பயம் வரணும்னு சொன்னாங்க. நல்லா நடந்த டேக்ல எனக்கு பயமே வர்ல சார். பின்னாடி ஒருத்தன் வரான், ஒரு பொம்பள வேகமா போறா, எல்லாப் படத்துலயும் வர்றதுதான். இதுல பின்னாடி ஆள் வர்றது அவங்களுக்குத் தெரியும். ஆனா முன்னாடி ஒரு கேமரா வந்துச்சின்னதும் நின்னுட்றாங்க. ஓடணும்னு தோணல. அது 'போ'ன்னு சொல்லட்டும்னு நிக்கிறாங்க. அதப் பாத்தப்பதான் சார் எனக்கு நெஜமாவே பயமா இருந்துச்சி. எங்கம்மா டெய்லி காலைல இப்டித்தான் நிக்கிறாங்கன்னு அதுக்கு முன்னாடி நான் பாத்ததே இல்ல."

செண்பகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகை வந்தது. வீட்டில் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பெண், ஊரார் முன்னால் தன்னைப் பற்றி இவ்வளவு பேசுகிறதே என்று பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

அன்புராஜ் பேனாவைத் திறந்தார். "சரி. அவ்வளவு நம்பிக்கை இருந்தா அங்க எதுக்கு அந்த மியூசிக்கைப் போட்டு அடிச்சே?"

"பயந்துட்டேன் சார். யாருக்கும் புரியாம போயிடுமோன்னு."

"சத்தம் இல்லாம பார்த்தப்பதான் எனக்குப் புரிஞ்சது. எழுத்துல ரத்தம் சொட்டுதே, அது?"

"அதுவும் வேணாம் சார். இப்ப பாத்தா நல்லால்ல."

"ம்" என்று மட்டும் சொல்லி எழுதினார். அவர் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எல்லாப் படமும் முடிந்து எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். தாழ்வாரத்தில் அம்மாவும் பெண்ணும் சுவரோரம் நின்றார்கள். "எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று செண்பகம் பல்லைக் கடித்தாள். "சொன்னா நீ வேணாம்னு சொல்லியிருப்ப" என்றாள் ரம்யா. ஆமாம், சொல்லியிருப்பாள். அதற்குமேல் சண்டை போட ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சுகிர்தா வெளியே வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார். ரம்யாவிடம் வந்ததும், "நீ பாஸ்" என்றார். "முதல் மார்க்குன்னு நினைச்சிடாத. மியூசிக்குக்கும் எழுத்துக்கும் நல்லாவே கொறைச்சிட்டார். நடுவுலதான் இருக்கே. ஆனா அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் முழுசாப் போட்டிருக்கார்." பிறகு செண்பகத்தைப் பார்த்து, "பயந்துட்டீங்களா அம்மா?" என்றார்.

செண்பகம் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. ரம்யா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். பாதியைக் குடித்து, பாதியை மேலே சிந்திக்கொண்டு, இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்தார்கள்.

வரதனுக்கு டீ இடைவேளையாக இருக்கும் என்று கணக்குப் பார்த்து செண்பகம் போன் போட்டாள்.

"இன்னா ஆச்சி?" என்றான் எடுத்தவுடனேயே.

"பாஸு."

அந்தப் பக்கம் அவன் மூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது. அவனும் காலையிலிருந்து அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். "நல்லதாப் போச்சி. கொழந்த சாப்ட்டுச்சா?" என்றான்.

"சாப்டுவோம். நீங்க சூப்பர்வைசராண்ட சொல்லிடுங்க, நம்ம பொண்ணு அங்க வராதுன்னு."

"அதுக்கு இன்னா இப்ப அவசரம்? கெடக்கட்டும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா..."

"ஒண்ணும் ஆவாது. சொல்லிடுங்க."

"செரி, சாய்ந்தரம் பஸ் ஏறும்போது சொல்றேன்."

"இப்பவே போய் சொல்லுங்க" என்றாள் செண்பகம். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நான் லைன்லயே இருக்கேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து வரதன் கேட்டதில்லை. பிறகு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவன் நடப்பது கேட்டது. ஏதோ வண்டி ஹாரன் அடித்துப் போயிற்று. ஒரு கதவு திறந்தது. செண்பகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சார், எம்பொண்ணு விசயமா அன்னிக்கு சொல்லியிருந்தேன்ல" என்று வரதனின் குரல் தூரத்தில் கேட்டது. "வேணாம் சார். அது வராது. அது படிக்குது."

அதைக் காதாரக் கேட்ட பிறகுதான் செண்பகம் போனை வைத்தாள்.